ஞாயிற்றுக்கிழமை அழுகை

உன் கொப்பியில் கருவாட்டு வாசம் அடிக்கிறது. குற்றம் என்னுடையது. நாலு வருடமாக அதை அடுப்புக்கு மேலே உள்ள பலகையில், கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை விரித்தபோது அந்த வாசமும் புகை வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நான் மூக்கைப் பொத்தவில்லை. எழுத்தின் கீழே விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒரு வரியை முழுசாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆமாம் மகளே. உன் அப்பாவுக்கு இப்போது வாசிக்கத் தெரியும். இதை எழுதுவதும் நான்தான். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. எழுத்துகள் பெரிதாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் நிற்கின்றன. எழுபத்தொரு வயதில் தீப்பெட்டியின் பெயரை வாசித்தேன், பஸ்ஸின் நெற்றியில் மடுல்சீமை என்று எழுதியிருப்பதை வாசித்தேன், கோயில் சுவரில் ஒட்டிய திருவிழா அறிவித்தலை நின்று வாசித்து, வழியில் போனவர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

போன வருடம் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சரம்மாதான் சொல்லித் தருகிறார். நாங்கள் பதினொரு பேர். எட்டுப் பேர் பெண்கள். மருந்துப் பக்கெட்டில் காலையா மாலையா என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வாசித்துப் பழக ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள் என்று டீச்சரம்மா சொன்னார். வீட்டில் கையால் எழுதிய பொருள் உன் கொப்பி ஒன்றுதான். அதனால் எடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை. அது உன் பாடக் கொப்பி என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ போன மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பரா மாரியாயியிடம் அதைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் முதல் பக்கத்தில் கொஞ்சம் வாசித்தாள். பிறகு மூடிவிட்டாள். "ஒன்னுமில்ல மாமா, பாடம்தான்" என்றாள். பாடம் என்றால் இனி யாருக்கு? மழைக் காலத்தில் விறகு நனைந்து அடுப்பு பிடிக்காதபோது முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். நன்றாக எரிந்தது. கொப்பியில் இப்போது மிஞ்சியிருப்பது பாதிக்கும் குறைவு. உன்னுடைய எத்தனை சந்தோஷங்களில் நான் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன் என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

சந்தோஷம் என்று இப்போது தெரிந்து எழுதுகிறேன். அப்போது தெரியவில்லை. ஒவ்வொரு நாளின் தலையிலும் ஒரே இரண்டு சொல் இருந்தது. கல்லூரியின் பெயராக இருக்கும் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மூன்றாவது வாரம்தான் அது கூடி வந்தது. இன்றைய சந்தோஷம். அதன் கீழே ஒரு வரி, சில நாள் இரண்டு வரி. உங்களுக்குப் படிப்பிக்கிற சேர் யாரோ ஒருவர், ஒரு நாளைக்கு ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார் போல. படித்த காலத்தில் நீ ஒரு நாளையும் விடவில்லை.

நாலு வருடமாக நான் ஒன்றை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கினேன். பதுளையில் நீ சந்தோஷமாக இல்லை, அங்கே கிடந்து அழுதுகொண்டிருந்த உன்னை நான்தான் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன் என்று. யார் கேட்டாலும் அதையே சொன்னேன். சாமியிடமும் சொன்னேன். அந்தக் கொப்பியை அடுப்புக்கு மேலே போட்டுவிட்டு அதே காம்பராவில் படுத்து, அப்படிச் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

நீ பதுளைக்குப் படிக்கப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டடப் படம் வரையும் படிப்பு, இரண்டு வருடம். உன் அம்மா உனக்குத் தலை பின்னிவிட்டாள். நான் பெட்டியைத் தூக்கி வந்தேன். இரண்டு மணி பஸ் வந்தது. நீ படியில் தாவி ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் கை காட்டினாய். கோயில் வளைவில் பஸ் மறையும்வரை உன் கை ஆடியது. உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருடம் வளர்த்த வீட்டை விட்டுப் போகிறவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடக் கூடாதா?

நம் பக்கம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் போன் எடுக்கும். அந்த வாரம் முழுவதும் நீ பேசுவதாகச் சொன்ன நேரத்துக்கு நான் மேட்டுக்கு ஏறவில்லை. உன் அம்மாதான் போனாள். சனிக்கிழமை நீ வந்து "ஏம்ப்பா பேசல?" என்று கேட்டாய். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னேன். "சிரிச்சிக்கிட்டுல்ல போன. வீட்டை விட்டுப் போறதுல அம்புட்டு சந்தோஷம். உனக்கு அப்பன் எதுக்கு?"

 மறுநாள் பஸ் வந்தபோது அழுதாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்கு மனது நிறைந்துவிட்டது. அன்று பின்னேரம் மேட்டுக்கு நானே ஏறினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அழுதாய், நான் தேற்றினேன். பஸ் போன பிறகு வழியில் பார்த்தவர்களிடம், புள்ள அழுதுக்கிட்டே போகுது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொப்பியில் மிஞ்சிய முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது. "இன்றைய சந்தோஷம்: போர்டிங்கில் குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். யாரும் தட்டவில்லை. விரல் நுனி சுருங்கும்வரை குளித்தேன்." இந்த இரண்டு வரிக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. இங்கே பீலித் தண்ணீரில் சாக்குத் திரைக்குப் பின்னால் நீ குளிக்கும்போது, எவ்வளவு நேரம் என்று நான் சத்தம் போடுவேன். வரிசையில் உள்ள காம்பரா எல்லாம், லயமே கேட்கும்.

அடுத்தது. "பென்சிலைக் கூராகச் சீவினேன். கோடு ஒரே தடவையில் நேராக வந்தது." அடுத்தது. "நிமல்கா குடையில் பாதி தந்தாள். எனக்குச் சிங்களம் சரியாக வராது, அவளுக்குத் தமிழே வராது. இரண்டு பேரும் மழையைத் திட்டிக்கொண்டே வந்தோம்." இன்னொரு நாள், சந்தையில் ஒரு மாம்பழம் வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் முழுசாக நீ மட்டும் தின்றாய். இன்னொரு நாள் காய்ச்சல், மழை, வகுப்பு இல்லை, போர்வைக்குள் கிடந்தாய். அதுவும் சந்தோஷமாம். ஒரு நாள் உன் படத்தைச் சேர் சுவரில் ஒட்டினார். ஜன்னல்கள் அதிகம் என்று குறை சொன்னார். "இருக்கட்டும், நான் குறைக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்றை வாசித்து முடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. உனக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல செய்தி வாசித்தவன் போல எழுந்து நடந்தேன். வாசிக்க முடிந்த சந்தோஷம்தான் முதலில் வந்தது. என்ன வாசித்தேன் என்பது தேத்தண்ணி ஆறிய பிறகுதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை நீ அளவு நாடாவோடு வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். நாடாவின் ஒரு நுனியை உன் அம்மாவிடம் கொடுத்து நம் காம்பராவை அளந்தாய். பத்தடிக்குப் பன்னிரண்டடி. "அப்பா, இந்தக் காம்பரா முழுசும் எங்க கிளாஸ்ல ஒரு மூலைக்குள்ள அடங்கிரும்" என்றாய். உன் அம்மா சிரித்தாள். நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். "அப்ப அந்த மூலையிலேயே போய்க் கெட" என்றேன். நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டாய். பிறகு நீ எதையும் அளக்கவில்லை.

அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக்குத்தான் உன்னைக் கொடுத்தேன்.

உன் அம்மா போனது நீ படிக்கப் போன எட்டாம் மாதம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் முன்பே வயது முடிந்து வேலையை விட்டு நின்றுவிட்டேன். நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் காம்பரா. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கங்காணி வந்தார். இனி யார் பேர் என்று தோட்டத்துத் தொரை கேட்கச் சொன்னாராம். அவருக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். "புள்ளைக்கும் அங்க புடிக்கல கங்காணி. வாரா வாரம் அழுதுட்டுத்தான் போகுது." கங்காணி, அப்படியென்றால் பேரைக் கொடுத்துவிடு என்று சொல்லி வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்.

வந்து பேர் பதி என்று நான் சொன்னபோது நீ அம்மாவின் கொழுந்துக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அப்பா, போர்டிங் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. சின்னதுதான். பின்னேரம் ஒரு கடைல நிக்கிறேன்னு பேசிட்டேன். நீங்க என்கூட வந்துருங்க."

"பொம்பளப் புள்ள சோத்துல நான் பதுளைல குந்தியிருக்கவா?"

"நான் அங்க நல்லாத்தான்ப்பா இருந்தேன்."

"பொய் சொல்லாத. வாரா வாரம் என் கண்ணால பாத்தேன்."

நீ வாயைத் திறந்தாய். ஏதோ சொல்ல வந்தாய். பிறகு "சரிப்பா" என்றாய். அந்தச் சரிப்பாவைக் கேட்டு, ஒரு பெரிய பாரத்தை உன் தலையிலிருந்து இறக்கி வைத்தேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஒபீசில் நீ கையெழுத்துப் போட்டாய். நம் குடும்பத்தில் ரேகை வைக்காமல் அந்தப் புத்தகத்தில் பெயர் எழுதிய முதல் ஆள் நீ. எனக்குப் பெருமையாக இருந்தது. கிளாக்கரிடம், பாருங்க எப்படி எழுதுது என்று காட்டினேன்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் உனக்கு முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். காலேஜ். "ஏய் காலேஜ், அந்த நிரைல நாலு அரும்பு நிக்குது. அதைப் படம் வரைஞ்சு எடுத்துட்டுப் போகப் போறியா?" என்று கங்காணி கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதை என்னிடம் வந்து சொன்னவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டிலும் அப்படியே கூப்பிட்டேன். காலேஜ், தண்ணி எடுத்துட்டு வா. காலேஜ், சோத்துல உப்பு இல்ல. உனக்கும் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டோர நிரையைக் கொடுப்பார்கள். அதுவும் வழக்கம்தான். நீ பேர் பதிந்த பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மரத்தில் இருந்த குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். நீ கூடையோடு ஓடத் தெரியாமல் விழுந்தாய். பிறந்ததிலிருந்து கூடை கட்டியவர்களுக்கு அதை எப்படிக் கழற்றி எறிவது என்று தெரியும். படுதாவில் சுற்றி லொறியில் ஏற்றினோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு உனக்குத் தெரிந்த ரோடுதான். வழியில் பசறைக்கு முன்பே மாரியாயி உன் முகத்தை மூடிவிட்டாள்.

வேலையில் நீ போனதால், நான் இருக்கும்வரை காம்பராவில் இருக்கலாம் என்று தொரை சொல்லி அனுப்பினார். ஆகவே காம்பரா இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஆளுக்கு நிறைய இடம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு வருகிறேன். அதை வாசிக்க மூன்று நாள் ஆனது. சொற்கள் கடினம் என்பதற்காக இல்லை. வாசித்தது சரிதானா என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். இப்போது பார்க்காமலே சொல்வேன். "இன்று ஞாயிறு. வழக்கம்போல் பஸ் ஏறும்போது அழுதேன். அழாவிட்டால் அப்பா தாங்க மாட்டார். இன்று சீக்கிரம் வரவில்லை, அம்மம்மா செத்ததை நினைத்தேன், வந்தது. கோயில் வளைவு தாண்டியதும் துடைத்துக்கொண்டேன். இன்றைய சந்தோஷம்: ஜன்னல் சீட். பசறையில் கடலை."

மகளே, நீ நன்றாக அழுதாய். நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு மாரியாயியிடம் போனேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். நான் வாசிப்பதைப் பார்த்து முதலில் அவள் முகம் மலர்ந்தது. பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"மொதப் பக்கத்துலயே தெரிஞ்சிருச்சு மாமா. பாடம் எழுதுறவ சந்தோஷம்னா எழுதுவா? நான் சொல்லியிருந்தா அன்னைக்கு நீங்க உசுரோட இருந்திருப்பீங்களா?"

"முன்னால இருந்த தாளையெல்லாம் அடுப்புல போட்டுட்டேன்" என்றேன்.

அவளுக்கு அது தெரியாது. சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் பயந்து கேட்டது எனக்குப் புரிந்தது. இன்னும் ஏழு பக்கம் வாசிக்க மிச்சம் இருக்கிறது, அதற்குள் நான் எங்கே சாக என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஏழு பக்கமும் நீ இங்கே வந்த பிறகு எழுதியவை. நாட்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. "அட்டை கடிக்கவில்லை." "நிமல்கா போன் பண்ணினாள். மேட்டில் நின்று இரண்டு பேரும் மழையைத் திட்டினோம்." ஒரு இடத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. பக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். இல்லை.

கடைசியாக நீ எழுதியது இது. "இன்றைய சந்தோஷம்: அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கொப்பியை மேசை மேலேயே வைக்கலாம்."

நான் இதை நேற்றுத்தான் முடித்தேன். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. டீச்சரம்மா கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார். இந்த வீட்டில் உனக்கென்று இருந்த கடைசிச் சந்தோஷம் அது ஒன்றுதான். அதையும் நான் மண்டபத்தில் உட்கார்ந்து, சனிக்கிழமை சனிக்கிழமையாகப் படித்து, எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதலாம். அந்தச் சொல்லை எழுத எனக்குத் தெரியும். நீ வாசிக்கப் போவதில்லை, ஆகவே அது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஆகிவிடும். நாலு வருடம் அப்படி ஒரு ஆறுதலில் தூங்கியது போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த மடலைத் தொடங்கிய அந்தக் காலை போய் ஒரு மாதம் ஆகிறது. முடிவைப் பதுளை பஸ் நிலையத்தில், வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் இங்கே வந்து பார்க்கவில்லை. இன்று இரண்டு மணி பஸ் ஏறினேன். கொப்பி என் பையில் இருக்கிறது, இனி எங்கே போனாலும் அது பையில்தான். ஜன்னல் சீட் கிடைத்தது. பசறையில் ஒருவர் கடலை விற்றுக்கொண்டு ஏறினார். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டது. கடதாசிச் சுருளில் ஏதோ அச்சடித்திருந்தது, அதையும் வாசித்துக்கொண்டே தின்றேன். நல்ல சூடு. நன்றாக இருந்தது மகளே. மறைக்க மாட்டேன். உன் வரியை வாயில் போட்டு மென்றது போல இருந்தது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பஸ் ஏறும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியில் கால் வைத்தபோது சிரித்தேன், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியும் சிரித்தேன். கோயில் வளைவுவரை யாரும் கை காட்டவில்லை. சிரித்துக்கொண்டு போகிறாயே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை.